அளக்காத ஒரு கை உப்பு

ஆரியசாலை, திருவனந்தபுரம்
1125 ஆனி 7 (21-6-1950)

அண்ணனுக்கு,

நீலாம்பாள் எழுதுகிறேன். நலம் என்று தொடங்கக் கை வரவில்லை. ஆகையால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னே அம்மன் கொடை விழாவில், பொங்கலுக்கு நீங்கள் அரிசியை நாழியால் அளக்காமல் கையால் அள்ளிப் போட்டீர்கள். "அளவு தெரியாத பூசாரி" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சொன்ன இடம் தப்பு. சொன்ன விஷயம் தப்பு என்று இன்றைக்கும் எனக்குப் படவில்லை. அதற்காக நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தது சரிதான். இப்போது பேச வேண்டிய காரியம் வந்திருக்கிறது.

இங்கே நத்தையர் வந்திருப்பது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். வைகாசி மழையில் கரமனை ஆற்று வழியாக ஏறி வந்தார்கள். ஒவ்வொருவரும் மாட்டு வண்டிச் சக்கரம் உயரம். முதுகில் ஓடு. காலும் இல்லை, கையும் இல்லை. போகிற இடமெல்லாம் சளி. கோட்டை வாசல், சர்க்கார் கச்சேரி, சாலைக் கடைத்தெரு எல்லாம் இப்போது அவர்களுடையது. யாரையும் அடிப்பதில்லை, வெட்டுவதில்லை. வீட்டுக்குள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நேற்று என் அடுப்பங்கரையில் ஒட்டியிருந்த ஒன்று மூக்கோ வாயோ தெரியாத ஒன்றைக் கஞ்சிப் பானைக்குள் விட்டு உறிஞ்சியது. பானையைக் கவிழ்த்துவிட்டுப் பூசை அறைக்குப் போனால் திருநீற்றுத் தட்டில் சளி. விளக்குத் திரியிலும் சளி. எண்ணெயில் மிதக்கிறது அண்ணா.

முதல் நாளே அவர்கள் குறி வைத்தது உப்பைத்தான். அவர்களில் பெரியவன் சாலையில் நின்று, நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி ஒரு குரலில், "இவிடெ உப்பு வேண்டா" என்றான். மூட்டை மூட்டையாக நம் ஆட்களையே தூக்க வைத்து ஆற்றில் கொட்டச் செய்தான். உப்பு வைத்திருக்கும் வீட்டின் கதவையும் ஜன்னலையும் சளி பூசி அடைத்துவிடுகிறார்கள். அது காய்ந்தால் உளி இறங்காது. மூன்று வீடுகளில் ஆட்கள் உள்ளேயே முடிந்துபோனார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இப்போது சொல்லப்போவதைப் பொறுக்க முடியவில்லை. அந்தச் சளியை வெறுங்காலால் மிதித்தவர்களுக்கும் ஓடு முளைக்கிறது. நான் மரக்கட்டை மிதியடி போட்டே நடக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, கணக்கெழுதும் கடையில் தராசு இருக்கும் இடத்துக்குச் செருப்போடு போகும் வழக்கம் இல்லை. பதினைந்து நாளுக்கு முன் பிடரிக்குக் கீழே நகம் மாதிரி ஒன்று வந்தது. இன்று அது சிறு முறம் அளவு. விரல்கள் குழைந்துவிட்டன, பேனா நிற்கவில்லை. முழுதும் மூடிவிட்டால் ஆளே மாறிவிடுகிறார்கள்.

சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். மரு வந்தவர்கள் நம் முத்தாரம்மனுக்கு உப்பு நேர்ந்துகொண்டு குளத்தில் போடுவார்கள். உப்புக் கரையக் கரைய மருவும் கரையும். இவருக்கு அந்த நேர்ச்சையை நீங்கள் ஏற்று நடத்த வேண்டும். கேட்க எனக்கு வேறு இடம் இல்லை.

நீலாம்பாள்

*

ஆலடிவிளை, நாகர்கோவில் வழி
ஆனி 14

நீலாம்பாளுக்கு,

பகவதிப்பெருமாள் எழுதுவது. கடிதம் நேற்று வந்தது. உறையில் அஞ்சல்காரர் கை வைத்த இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. வேப்பிலையால் துடைத்துவிட்டுத்தான் பிரித்தேன். காகிதம் ஈரத்தை உறிஞ்சும் என்று நத்தையர் தபாலைத் தொடுவதில்லையாம். ஏதோ நல்லது.

நாலு வருஷம் கழித்து எழுதுகிறாய். அதிலும் 'சொன்ன விஷயம் தப்பில்லை' என்று ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால் இது நீ எழுதினதுதானா என்று சந்தேகப்பட்டிருப்பேன். போகட்டும்.

மாப்பிள்ளை காரியம் கேட்டு உன் மதினி அழுதாள். நான் அழவில்லை, பூசாரி அழக்கூடாது.

கேட்டுக்கொள். மருவுக்கு ஒரு பிடி உப்புப் போதும். உடம்பை மூடுகிற வியாதிக்குத் துலாபாரம்தான். அவர் எடைக்கு உப்பு. இரண்டாவது விதி, அந்த உப்பு அவர் வீட்டு உப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்காக மனசோடு கொடுத்த வீட்டு உப்பாக இருக்க வேண்டும். யார் உப்பு என்று தெரியாமல் போட்டால், யாருக்காக என்று அம்மனுக்கு எப்படித் தெரியும்? அப்பா சொல்லித் தந்தது. ஆடி முதல் செவ்வாய் உச்சிப் பொழுதில் கரைப்பேன். அதற்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

உப்பே இல்லாத ஊரில் அத்தனை உப்புக்கு எங்கே போவாய் என்று எனக்குத் தெரியவில்லை. நீ போவாய் என்று மட்டும் தெரியும்.

பகவதிப்பெருமாள்

*

ஆரியசாலை
ஆனி 19

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதை மூன்று தரம் படித்தேன். அவர் எடைக்கு உப்பு என்றால், உப்புக் கரையும்போது அவர் எடை முழுவதும் அல்லவா கரையும்? ஓடும் போய், ஆளும் போய், நான் யாருக்குச் சோறு போடுவது?

யோசித்து ஒரு வழி கண்டேன். வருஷா வருஷம் விஷுவன்று கடையில் புதுக் கணக்குத் தொடங்கும்போது பெரிய தராசில் கணக்கப்பிள்ளையை உட்கார்த்தி எடை பார்ப்பார்கள். தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அது ஒரு வழக்கம். இந்த விஷுவுக்கு அவர் நூற்றுப் பதினெட்டு ராத்தல். நேற்று ஒரு போர்வையைப் போர்த்தி அதே தராசுக்கு அழைத்துப் போனேன். முதலாளி திரவியம் பிள்ளைக்கு எந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்காது. "என்ன வே அழகியநம்பி, சாக்கோட சேத்து எடை போடுத வித்தைய எங்கிட்டயே காட்டுதீரா?" என்றார். இவரும் சிரித்தார். சிரிக்கும்போது வாயோரம் சளி நூலாக இறங்கியது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன் அண்ணா. கட்டின புருஷன். திருப்பிக்கொண்டேன்.

நூற்று நாற்பத்தைந்து ராத்தல். அப்படியானால் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்நியம் இருபத்தேழு. அதற்குத்தான் உப்பு.

நத்தையருக்கு மூட்டை உப்புத்தான் தெரியும், ஊறுகாய்ப் பரணியில் கரைந்த உப்புத் தெரியாது. இந்தத் தெருவிலும் கரமனையிலுமாகப் பத்தொன்பது வீடுகளில் உப்பு மாங்காய், உப்பு நாரத்தங்காய்ப் பரணிகள் இருந்தன. வீடு வீடாகப் போய், 'இவருக்காக' என்று சொல்லிக் கேட்டேன். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தண்ணீரை வடித்து, காய்ச்சி, வற்றவிட்டு எடுத்தேன். கறுப்பாகத்தான் இருக்கும், புளித்த வாடையும் இருக்கும். அம்மன் மன்னிக்க வேண்டும்.

அடுத்த வீட்டுச் சுசீலாபாய் அக்காளைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. தையல் தைத்துத் தனியே பிழைக்கிறவர். அடைக்கப்பட்ட வீடுகளின் கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே கஞ்சி இறக்கப் போய், வெறுங்காலால் மிதித்துவிட்டார். இவரைவிட அவருக்கு ஓடு பெரிசு. அவர்தான் எல்லாரையும்விடப் பெரிய பரணியைத் தந்தார். நாலு ராத்தல் தேறியது.

"கொண்டு போ நீலா. மூணு வருச நாரங்காயாக்கும். எனக்கு இனி புளிப்பு எறங்காது மக்களே."

"அடுத்த செவ்வாய்க்கு உங்களுக்கு நேந்துடுவோம் அக்கா."

"ஒனக்க ஆளு மொதல்ல நேராவட்டும். எனக்கென்ன, என்னைய எதிர்பாத்து யாரு உலை வச்சிருக்கா?"

வாக்குக் கொடுத்திருக்கிறேன். இவர் காரியம் முடிந்ததும் அவருக்கு.

இரண்டு செப்புக் குடத்தில், மேலே தவிடு பரப்பி, நாகர்கோவில் பஸ் கண்டக்டர் ஸ்ரீகண்டன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இருபத்தேழு ராத்தல். குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். நான் அளந்தே அனுப்புகிறேன், நீங்கள் அளக்க வேண்டியதில்லை.

நீலாம்பாள்

*

ஆலடிவிளை
ஆடி 2, செவ்வாய்

நீலாம்பாளுக்கு,

குளித்த ஈரம் காயுமுன் எழுதுகிறேன். காரியம் முடிந்தது.

'நீங்கள் அளக்க வேண்டியதில்லை' என்று எழுதியிருந்தாய். சரி, அளக்கவில்லை. இரண்டு குடத்தையும் அப்படியே மாப்பிள்ளை பேரும் நட்சத்திரமும் சொல்லிக் குளத்தில் கவிழ்த்தேன். கறுப்பாகப் போய்க் கரைந்தது. உன் ஊறுகாய் வாடை கோயில் முழுக்க. கொடிமரத்துக் காக்காய்கூட எழுந்து போய்விட்டது.

பிறகு என் பங்காக ஒரு கை. மணக்குடி உப்பளத்து உப்பு, வெள்ளை வெளேர் என்று கோயிலில் எப்போதும் இருக்குமே, அதில் ஒரு கை அள்ளிப் போட்டேன். கேட்ட அளவோடு நிறுத்துவது கடைக்காரன் புத்தி. நம் குடும்பத்தில் அம்மனுக்குக் கொடுக்கும்போது கடைசியில் ஒரு கை கூட்டிப் போடாமல் யாரும் குளத்தை விட்டு ஏறினதில்லை. அப்பா அப்படி, அவர் அப்பாவும் அப்படி. அளவு தெரியாத பூசாரி என்று என் தங்கை சொன்னாலும் சொல்லட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் உப்புக் கரைந்தபோது குளம் சும்மா இருந்தது. என் ஒரு கை விழுந்ததும், ஆள் மூச்சை உள்ளே இழுப்பதுபோலத் தண்ணீர் முழுதும் உள்வாங்கிவிட்டது. ஏழு படியும் தெரிந்தது. எட்டாவது படி ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அப்புறம் குளத்திலிருந்து வெள்ளையாக ஒரு மேகம் எழுந்து, காற்றுக்கு எதிராக வடக்கே போனது. உங்கள் பக்கம்தான்.

மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறது? மறு தபாலில் எழுது.

பகவதிப்பெருமாள்

*

ஆரியசாலை
ஆடி 9

அண்ணனுக்கு,

அவர் பிழைத்துவிட்டார். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் எழுதப்போவதில் நன்றியைத் தேடினாலும் உங்களுக்குக் கிடைக்காது.

செவ்வாய் உச்சிக்கு அவர் கவிழ்ந்து படுத்திருந்தார். புண்ணில் பொருக்கு உதிர்வதுபோல ஓடு கழன்று பாயில் விழுந்தது. அடியில் புதுத் தோல், குழந்தைத் தோல் மாதிரி. விரலை மடக்கி நீட்டினார். "நீலா, பசிக்கி" என்றார். நான் அம்மனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த ஒரு நிமிஷம் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது.

அப்புறம் வானம் வெளுத்தது. மழை என்று நினைத்தோம். விழுந்தது உப்பு. முதலில் பரல் பரலாக, பிறகு கொட்டிக் கவிழ்த்ததுபோல.

நத்தையர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தாளிப்பில் மோரை ஊற்றினால் ஒரு சத்தம் வருமே, ஊர் முழுக்க அந்தச் சத்தம். கச்சேரி மேலே, கோயில் மதில் மேலே, எங்கள் அடுப்பங்கரைச் சுவரில், எல்லா இடத்திலும் நுரைத்து நுரைத்து இறங்கினார்கள். பச்சையும் மஞ்சளுமாகக் குழம்பு. ஆரியசாலையிலிருந்து பழவங்காடி வரைக்கும் தெருவில் முழங்கால் அளவு ஓடியது. அதன் மேலே காலி ஓடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மிதந்தன. அங்கே பிள்ளையார் கோயில் நடையில் சனங்கள் அதற்குள்ளேயே நின்று தேங்காய் உடைத்தார்கள். உடைத்த தேங்காயை அதிலிருந்தே எடுத்துக் கழுவித் தின்றார்கள். பார்த்தேன். அன்று முதல் நான் தாளிக்கவில்லை. மூக்கில் இன்னும் அந்த நாற்றம்தான் இருக்கிறது.

படையெடுத்து வந்தவர்கள் ஒழிந்தார்கள், நானும் அதைத்தான் வேண்டினேன் என்று சொல்லலாம். ஆனால் நான் வேண்டியது அது இல்லை.

சுசீலாபாய் அக்காள் ஜன்னலருகில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். "நீலா, மழையாட்டி?" என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உடனே பதில் சொல்லவில்லை. மழைதானா என்று பார்க்க அக்காள் கையை வெளியே நீட்டினார்.

அவ்வளவுதான் அண்ணா. நான் ஓடிப் போவதற்குள் நாற்காலியில் ஓடும் மூக்குக்கண்ணாடியும் இருந்தன. தரையில் இருந்ததை எழுத மாட்டேன்.

ஓடு முளைத்துக்கொண்டிருந்த நம் ஆட்கள் இந்த ஊரில் நாற்பத்து நாலு பேர். அதில் மிஞ்சினது இவர் ஒருவர். மற்ற நாற்பத்து மூன்று பேரும் நத்தையரோடு நத்தையராகக் கரைந்துபோனார்கள்.

எதனால் என்று புரியாமல் ஆறு நாள் இருந்தேன். நேற்று உங்கள் கடிதம் வந்தது. அந்த ஒரு கை எதற்கு அண்ணா? அது யார் வீட்டு உப்பு? யாருக்கென்று சொல்லிப் போட்டீர்கள்? யார் உப்பு என்று தெரியாவிட்டால் அம்மனுக்கு எப்படித் தெரியும் என்று எழுதினது நீங்கள்தானே? பேரில்லாத உப்பை அவள் யார் பேரில் வைப்பாள்? ஓடு இருந்த எல்லார் பேரிலும் வைத்தாள்.

நீலாம்பாள்

*

ஆலடிவிளை
ஆடி 17

நீலாம்பாளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்னால் உங்கள் ஊர்ச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சபைக் காரியதரிசி நீலகண்டன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காலிக் குடங்களை வாங்க வந்த கண்டக்டர் ஸ்ரீகண்டனிடம் நான் சொல்ல, அவர் வாய் வழியாக என் ஒரு கை உப்பு ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதாம். ஆவணி ஒன்று, கொல்லம் புது வருஷப் பிறப்பன்று, கோட்டை வாசலிலிருந்து பழவங்காடி வரை நாதஸ்வரத்தோடு என்னை அழைத்துப் போய் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். உங்கள் வீட்டில்தான் தங்குவேன் என்று பதில் எழுதிவிட்டேன்.

அதற்கப்புறம் உன் கடிதம் வந்தது.

நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்? ஓர் ஊரே சளிக்குள் மூழ்கிக் கிடந்தது, இப்போது மூச்சு விடுகிறது. அடைத்த வீடுகளில் செத்தது போதாதா? இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும் என்று நீ அளந்து வைத்திருந்தாய்? உன் இருபத்தேழு ராத்தலில் உன் புருஷன் பிழைத்தார். என் ஒரு கையில் ஊர் பிழைத்தது. இதற்கு ஒரு நல்ல வார்த்தை உன் வாயில் வராது, எனக்குத் தெரியும்.

நீலகண்டன் ஒரு டப்பா சுண்ணாம்பும் அனுப்பியிருக்கிறார். நத்தையர் ஓடுகளைச் சூளையில் சுட்டு நீற்றினதாம். பால் மாதிரி வெள்ளை. வெற்றிலைக்குப் போட்டுப் பார்த்தேன், நல்ல காரம். கோட்டை முதல் சாலை வரை வீடுகளுக்கெல்லாம் அதையே அடிக்கப் போகிறார்களாம்.

குளம் இன்னும் நிறையவில்லை. இத்தனை மழையிலும் எட்டாவது படி தெரிகிறது.

பகவதிப்பெருமாள்

*

ஆரியசாலை
ஆடி 23

அண்ணனுக்கு,

அந்தச் சுண்ணாம்பு டப்பா இன்னும் உங்கள் வெற்றிலைச் செல்லத்தில் இருக்கிறதா?

சூளை எங்கள் தெருக் கோடியில்தான். கை வண்டிகளில் ஓடுகளைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். எது ஆற்று வழியாக வந்தவனுடையது, எது நம் பட்டாபி வாத்தியாருடையது, எது பூக்காரி ராஜபாயுடையது என்று அங்கே பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. நான் போய்க் கேட்டேன். சூளைக்காரன், "அம்மச்சி, ஓடு ஓடுதன்னே. நீறின பொறகு எல்லாம் ஒரே வெளுப்பு" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லார் வாயும் சிவப்பு.

நீங்கள் நல்ல காரம் என்று எழுதினீர்கள். படித்ததும் முற்றத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

நத்தையர் இருந்தபோது எனக்கு அருவருப்பு இருந்தது, ஆனால் அது சுவரில் இருந்தது, தரையில் இருந்தது, துடைத்தால் போகும் என்று தோன்றியது. இப்போது அது சனங்கள் முகத்தில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் என் முகத்திலும் இருக்கிறது. கண்ணாடி பார்த்துப் பொட்டு வைக்க முடியவில்லை.

ஏனென்றால், உங்களைக் கேட்டுவிட்டு என்னையும் கேட்டேன். நாற்பத்து நாலு பேர் இருந்தார்கள், தராசு ஒன்று இருந்தது, தராசுக்காரர் எங்கள் முதலாளி. நான் ஒருவரைத்தான் ஏற்றி நிறுத்தேன். மற்றவர்களையும் எடை போட்டு, அவரவர் பேர் சொல்லி அனுப்பியிருந்தால், உங்கள் ஒரு கை விழுந்தபோது ஓடுள்ள மனுஷர் ஒருவரும் மிச்சம் இருந்திருக்க மாட்டார்கள். பத்தொன்பது வீட்டுப் பரணியையும் என் புருஷனுக்கே வடித்தேன். சுசீலாபாய் அக்காளின் நாலு ராத்தலும் அதில்தான் போயிற்று. அவர் உப்பு உங்கள் குளத்தில் கரைந்து, என் வீட்டுக்காரர் முதுகு சுத்தமாயிற்று. அளக்காமல் போட்டது உங்கள் தப்பு. எனக்கு மட்டும் அளந்தது என் தப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன். எது தாழும் என்று எனக்கே தெரியவில்லை.

இவர் நேற்று மறுபடி தராசில் ஏறிப் பார்த்தார். சரியாக நூற்றுப் பதினெட்டு. வீட்டுக்கு வந்து, "சோத்துல உப்பே இல்லியே நீலா" என்றார். உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

அக்காளின் ஓட்டைச் சூளைக்காரர்களுக்குக் கொடுக்கவில்லை. என் பூசை அறையில், புடவை சுற்றி வைத்திருக்கிறேன். ஆசாரம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதை நான் அம்மனிடம் பேசிக்கொள்கிறேன்.

அவர் வீடு அன்று இருந்த மாதிரியே கிடக்கிறது. ஈ மொய்க்கிறது. கேட்க ஆள் இல்லாத வீடு. ஊர்வலத்துக்கு முன்னால் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கதவைச் சாத்திவிடலாம் என்று நீலகண்டன் சொல்கிறார். அந்தச் சுண்ணாம்பை அந்தச் சுவருக்கு! நான் வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன். தரையைக் கழுவ வேண்டும். இரண்டு ஆள் வேலை. இவரால் இன்னும் குனிய முடியவில்லை. தெருவில் கேட்டேன், மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள்.

மாலை போட்டுக்கொள்ள வந்தால் என் வீட்டில் தங்க இடமில்லை. தரை கழுவ வந்தால் இடம் இருக்கிறது.

நீலாம்பாள்

*

ஆலடிவிளை
ஆடி 27

நீலாவுக்கு,

சபைக்கு வர முடியாது என்று எழுதிவிட்டேன். காரணம் எழுதவில்லை. நீலகண்டன் வந்து கேட்டால் நீ சொல்ல வேண்டாம், நானே நேரில் சொல்கிறேன்.

டப்பாவைக் குளக்கரையில் புதைத்துவிட்டேன். நாக்கை உமியாலும் சாம்பலாலும் தேய்த்தேன். காரம் போகவில்லை. இனி வெற்றிலை இல்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். துடைப்பம் நாலு, வாளி இரண்டு கொண்டு வருகிறேன். பசுஞ்சாணி அங்கே கிடைக்குமா? கிடைக்காவிட்டால் உன் மதினி கட்டித் தருவதாகச் சொல்கிறாள்.

அந்த அம்மாளின் ஓட்டை நம் குளத்துக்குக் கொண்டுவர வேண்டாம். அங்கேயே ஆற்றில் விடுவோம். பேர் சொல்லித்தான் விட வேண்டும். மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்று பேரின் பேரையும் எழுதி வை. நீ எழுதினதில் மூன்று பேர்தான் எனக்குத் தெரிகிறது.

அண்ணன்